சந்தவாசலில் இறங்கிய தாத்தா

டிசம்பர் மூன்றாவது வாரத்தில் ஒரு நண்பகல். போளூரிலிருந்து வேலூர் போகும் சாலையில் சந்தவாசலில் இறங்கி, படவேட்டுக்கு டவுன் பஸ் ஏறி உட்கார்ந்திருந்தேன். வண்டி கிளம்பும் நேரம் பார்த்து ஒரு தாய் ஓடிவந்து ஏறினாள். இடுப்பில் கிறிஸ்துமஸ் தாத்தா. சிவப்புச் சட்டை, சிவப்புக் கால்சட்டை, ஓரங்களில் வெள்ளைப் பஞ்சு, வயிற்றைச் சுற்றிக் கறுப்பு ரெக்சின் பெல்ட், தலையில் குஞ்சம் வைத்த குல்லா. தாத்தா தாடியை மோவாய்க்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு குச்சி மிட்டாய் சப்பிக்கொண்டிருந்தார். தாடியில் கொஞ்சம் மிட்டாயோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

நடத்துனர் நின்று நிதானமாகப் பார்த்தார்.

"ஏம்மா, உனுக்கு ஃப்ரீ. அஞ்சு வயசுக்குக் கீழ இருந்தா புள்ளைக்கும் ஃப்ரீ. ஆனா இவுரு தாடியெல்லாம் வெச்சிருக்காரே, இவுருக்கு எந்தக் கணக்குல போடறது?"

"எல்கேஜிண்ணா. நாலு வயசுதான் ஆவுது."

"தாத்தாவாம், எல்கேஜியாம்" என்று சொல்லிக்கொண்டே நடத்துனர் அடுத்த இருக்கைக்குப் போனார். பெண்களுக்கு 2021இலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு 2022இலும் அரசு டவுன் பஸ்ஸில் கட்டணம் போய்விட்டது. தாத்தாக்களுக்கு இன்னும் போகவில்லை.

சாண்டாவுக்கும் சந்தவாசலுக்கும் எந்த ஒட்டும் இல்லை. ஒலி ஒன்றாகக் கேட்பதோடு சரி. ஆனாலும் அந்த ஊர்ப் பலகைக்குக் கீழே அந்தச் சட்டையைப் பார்த்தபோது, இது எங்கே புறப்பட்டு, யார் யார் உடம்பில் ஏறி இறங்கி, இந்த வண்டிக்கு வந்து சேர்ந்தது என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. பையன் வந்தது சந்தவாசல் நர்சரிப் பள்ளியிலிருந்து. சட்டை வந்த தூரம் அதைவிடக் கொஞ்சம் அதிகம்.

புறப்பட்ட இடம் இன்றைய துருக்கியின் தென்கரை. மைரா என்ற துறைமுகப் பட்டினத்தில் 4ஆம் நூற்றாண்டில் நிக்கோலஸ் என்று ஓர் ஆயர் இருந்தார். அவரைப் பற்றிச் சொல்லப்படும் கதைகளில் எல்லாவற்றையும்விடப் பிரபலமானது நம் ஊருக்கு விளக்கவே தேவையில்லாத கதை. ஓர் ஏழைத் தகப்பன், மூன்று பெண்கள், கட்டிக்கொடுக்கச் சீர் இல்லை. ஆயர் இரவில் யாருக்கும் தெரியாமல் வந்து, ஜன்னல் வழியாகப் பொற்காசு முடிப்பைப் போட்டுவிட்டுப் போனார், ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒவ்வொன்று. பிற்காலத்தார் அந்த முடிப்பு காயப்போட்டிருந்த காலுறைக்குள் போய் விழுந்தது என்று சேர்த்துக்கொண்டார்கள். கிறிஸ்துமஸ் தாத்தாவின் குலத்தொழில் ஆதியில் பொம்மை வழங்குவது இல்லை. வரதட்சணைக் கவலை தீர்ப்பது.

ஆயருக்கு உரிய உடை நீண்ட மேலங்கி, கூம்பு முடி, மேல்முனை வளைந்த செங்கோல். அந்தக் கோலை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1087இல் இத்தாலியக் கப்பல்காரர்கள் மைராவிலிருந்து அவருடைய எலும்புகளை எடுத்துக்கொண்டு போய்ப் பாரி நகரத்தில் வைத்தார்கள். கடலோடிகளுக்கு அவர் காவல் தெய்வம். கடலோடிகள் நிறைந்த நாட்டில் அவர் பெயர் ஓங்குவது இயல்புதானே? நெதர்லாந்தில் அவர் சின்டர்கிளாஸ் ஆனார். இன்றும் அங்கே நவம்பர் நடுவில், ஸ்பெயினிலிருந்து வருவதாக, நீராவிக் கப்பலில் வந்து இறங்குகிறார். வெள்ளைக் குதிரை ஏறுகிறார். டிசம்பர் 5 இரவு பிள்ளைகளுக்குப் பரிசு தருகிறார். முடியும் உண்டு, கோலும் உண்டு.

இந்த இடத்தில் தமிழ்நாட்டுக்காரனுக்கு ஒரு ஆதங்கம் வரும். டச்சுக்காரர்கள் நியூ ஆம்ஸ்டர்டாம் என்று அமெரிக்காவில் குடியேறியது 1620களில். நம் பழவேற்காட்டுக்கு வந்து பண்டகசாலை போட்டது அதற்கும் முன்னால், 1610இல். அப்போது வேங்கடபதி ராயர் ஆட்சி. அதே விஜயநகர அரசில்தான் படவேடு 'படைவீட்டு ராஜ்ஜியம்' என்று ஒரு மாகாணத்துக்கே பெயர் கொடுத்திருந்தது. அதற்கும் முன்னால் சம்புவராயர்களின் தலைநகரம். சின்டர்கிளாஸ் பழவேற்காட்டில் இறங்கி நேரே தென்மேற்கே நடந்திருந்தால் நாலைந்து நாளில் படைவீட்டுக் கோட்டை வாசலுக்கு வந்திருக்கலாம். பழவேற்காட்டுச் சரக்கு துணியாக இருந்தது. இவர் அமெரிக்கா சுற்றி, இருநூறு முந்நூறு வருஷம் கழித்து வந்தார்.

அமெரிக்காவில்தான் சட்டை மாறியது. நியூ ஆம்ஸ்டர்டாம் 1664இல் ஆங்கிலேயர் கைக்குப் போய் நியூயார்க் ஆனது. 1809இல் வாஷிங்டன் இர்விங் அந்த ஊரின் டச்சுப் பழசுகளைக் கேலி செய்து ஒரு சரித்திரம் எழுதி, அதில் நிக்கோலஸை இழுத்துவிட்டார். 1823 டிசம்பர் 23 அன்று டிராய் நகரப் பத்திரிகை ஒன்றில் பெயர் போடாமல் ஒரு கவிதை வந்தது. கிளமென்ட் மூர் எழுதியதென்று பின்னால் சொல்லப்பட்டது. எட்டுக் கலைமான், சறுக்கு வண்டி, புகைபோக்கி வழியாக இறங்குவது எல்லாம் அந்தக் கவிதை மூலம் நிலைத்தவை. ஆயர் தொப்பை போட்டது அதில்தான். பிறகு தாமஸ் நாஸ்ட் என்ற கேலிச்சித்திரக்காரர், 1863 முதல் பல வருஷம் 'ஹார்ப்பர்ஸ் வீக்லி'யில் வரைந்து வரைந்து உருவத்தை நிறுத்தினார். முதல் படத்தில் உள்நாட்டுப் போர்ச் சிப்பாய்களுக்கு நடுவே அமெரிக்கக் கொடியையே சட்டையாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சிவப்பு அங்கி மெல்ல மெல்ல வந்தது. கோகோ கோலாதான் தாத்தாவுக்குச் சிவப்புப் பூசியது என்று நம் வாட்ஸப் அறிஞர்கள் வருஷந்தோறும் அனுப்புவார்கள். ஹேடன் சன்ட்ப்ளம் அந்தக் கம்பெனிக்காக வரைய ஆரம்பித்தது 1931இல், அதற்கு முன்பே தாத்தா சிவப்பில்தான் உலவினார். கம்பெனி செய்தது அந்தச் சிவப்பை உலகம் முழுக்க ஒட்டியது.

இந்தச் சட்டை தைக்கப்படும் காலத்திலேயே, அதே நியூயார்க்கிலிருந்து இன்னொருவர் நம் பக்கம் புறப்பட்டுவிட்டார். டாக்டர் ஜான் ஸ்கடர். நியூயார்க்கில் நல்ல வைத்தியத் தொழில். அதை விட்டுவிட்டு 1819இல் கப்பலேறி யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்புக்கு வந்தார், 1836இல் சென்னைக்கு. அவருடைய பிள்ளைகள் 1853இல் ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள். வேலூர், ராணிப்பேட்டை, ஆரணி என்று படவேட்டைச் சுற்றியுள்ள ஊர்களெல்லாம் அவர்கள் வட்டம். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் இந்தக் குடும்பத்துப் பேத்தி. அவர்கள் சேர்ந்திருந்த சபையின் பெயரைக் கவனியுங்கள்: 1867 வரை அது 'டச்சு' சீர்திருத்தச் சபை. சின்டர்கிளாஸை நியூயார்க்குக்குக் கொண்டுபோன அதே டச்சு வம்சாவளியின் சபை! ஆனால் அது புனிதர் வழிபாட்டை ஒதுக்கிய சபை. ஸ்கடர் கப்பலேறியபோது மூரின் கவிதையும் வரவில்லை, தொப்பையும் வரவில்லை. அவர் பெட்டியில் பைபிளும் மருந்தும் இருந்தன, தாத்தா இல்லை.

இன்னொரு வேடிக்கை. ஸ்கடர் அமெரிக்க ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்காகச் சின்னச் சின்னப் புத்தகங்கள் எழுதினார். இங்குள்ளவர்களின் நிலையைச் சொல்லி, உங்கள் சில்லறையைச் சேர்த்து அனுப்புங்கள் என்று கேட்பார். அந்தப் புத்தகங்களில் நம்மைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்தால் இன்று பல்லைக் கடிக்கத் தோன்றும், அது வேறு விஷயம். கிழவர் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் வழக்கம் நியூயார்க்கில் உருவாகிக்கொண்டிருந்த நாளில், ஆற்காட்டுக்கு வந்தது பிள்ளைகள் கொடுத்த காசு.

இனிமேல்தான், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தாத்தாவைப் பார்க்கப் போகிற வழக்கம் பிறக்கிறது. பிறந்தது தேவாலயத்தில் இல்லை, துணிக்கடையில். 1879இல் லிவர்பூலில் லூயிஸ் என்ற கடைக்காரர்கள் கடைக்குள்ளேயே ஒரு கிறிஸ்துமஸ் மாய உலகம் கட்டினார்கள். 1890இல் அமெரிக்காவின் பிராக்டன் என்ற ஊரில் ஜேம்ஸ் எட்கர் என்ற ஸ்காட்லாந்துக்காரர், தன் கடைக்குள் தானே அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு நடந்தார். செய்தி பரவி, பாஸ்டனிலிருந்தும் பிராவிடன்சிலிருந்தும் பிள்ளைகளை ரயிலேற்றிக்கொண்டு வந்தார்கள். அடுத்தடுத்த வருஷங்களில் பெரிய கடைகளிலெல்லாம் ஒரு நாற்காலியும் ஒரு தாத்தாவும். தாத்தா உட்கார்ந்தார், பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். மடியில் ஏற்றினால் படம். 1937இல் சார்லஸ் ஹோவர்ட் என்பவர் நியூயார்க் மாநிலத்து ஆல்பியனில் தாத்தாக்களுக்கென்றே பயிற்சிப் பள்ளி ஆரம்பித்தார். இடம் மாறி இன்றும் நடக்கிறது. தாடி வளர்ப்பதில் தொடங்கி, அழுகிற பிள்ளையைக் கையாள்வதுவரை பாடத்தில் உண்டாம்.

அழுகை உண்மையிலேயே ஒரு பாடம்தான். ஒன்றரை இரண்டு வயதுப் பிள்ளையை, முகமே தெரியாத ஒரு சிவப்புக் கிழவர் மடியில் வைத்தால் என்ன செய்யும்? வீரிட்டு அழும். அந்த அழுகைப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டுவது அங்கே குடும்ப வழக்கம்.

சிரிக்காதீர்கள். படவேட்டுக்கு ஆடி வெள்ளிக்கிழமை வந்து பாருங்கள். ரேணுகாம்பாள் கோயில் வாசலில் மொட்டையும் காதுகுத்தும் நடந்தபடி இருக்கும். தாய்மாமன் மடியில் பிள்ளை. எதிரே கத்தியோ ஊசியோ வைத்துக்கொண்டு ஓர் ஆள். சுற்றி நின்று கிலுகிலுப்பையை ஆட்டும் அத்தைமார். பிள்ளை போடுகிற கூச்சல் ஜவ்வாது மலையில் மோதித் திரும்பும். அத்தனை பேரும் செல்போனில் பிடிப்பார்கள். பிள்ளையை ஒரு மடியில் உட்காரவைத்து அழவிட்டுப் படம் எடுத்துக்கொள்வது மனித குலத்துக்குப் பொதுவான ஆசை போலிருக்கிறது. ஒரே வித்தியாசம், நம் பிள்ளை அழுவது தெரிந்த மடியில். மாமன் முகம் பார்த்த முகம். அழுது முடித்ததும் அந்தத் தோளிலேயே தூங்கிவிடும்.

சட்டை இந்தியாவுக்குள் நுழைந்தது வெள்ளைக்காரர் கிளப்புகளோடும் ரயில்வே காலனிகளோடும். ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. தண்டவாளம் நீள நீள காலனிகள் முளைத்தன. அரக்கோணம், ஏலகிரி அடிவாரத்து ஜோலார்பேட்டை என்று ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைந்த இடங்கள். ரயில்வே இன்ஸ்டிட்யூட்களில் டிசம்பரில் பிள்ளைகளுக்கு மரம் வைத்து விருந்து நடக்கும். கிளப்புத் தாத்தா யானை மேலும் ஒட்டகத்தின் மேலும் வருவார். ரயில்வேத் தாத்தா டிராலியில் வருவார், வசதிப்பட்டால் எஞ்சினிலேயே வருவார். பனிச்சறுக்கு வண்டிக்கு நம் ஊர் கண்டுபிடித்த பதில் அது.

ஆனால் தமிழ் அவரைத் தன் வீட்டு ஆளாக்கியது ஒரே ஒரு சொல்லால். ஆங்கிலத்தில் அவர் தகப்பன். பிரெஞ்சிலும் தகப்பன்தான். தமிழ் ஒரு தலைமுறை மேலே ஏற்றி 'தாத்தா' என்றது. ரஷ்யர்களும் அப்படித்தான் பனித் தாத்தா என்கிறார்கள். மலையாளத்தில் அப்பூப்பன், சிங்களத்தில் சீயா, இரண்டும் தாத்தாவே. போர்த்துக்கேயரிடமிருந்து 'நத்தார்' என்ற சொல்லை வாங்கிக்கொண்ட ஈழத்தில் அவர் நத்தார் தாத்தா, நத்தார் பாப்பா. நம் வீடுகளில் அப்பா என்றால் ரேங்க் கார்டில் கையெழுத்துப் போடுகிறவர். மடியில் பொரி உருண்டையும் கமர்கட்டும் முடிந்து வைத்திருக்கிறவர் தாத்தா. பரிசு கொடுக்கிற வேலையை எந்த உறவுக்கு ஒதுக்குவது என்பதில் தமிழுக்கு ஒரு நொடிகூடக் குழப்பம் வந்திருக்காது.

தாத்தா என்று ஆனதும் கைத்தடி வந்துவிட்டது பாருங்கள். அமெரிக்கத் தாத்தா தடி வைத்துக்கொள்வதில்லை. ஆயரின் செங்கோலை அவர் கடலிலேயே தொலைத்துவிட்டார். தமிழ்த் தாத்தா ஊன்றுகோல் இல்லாமல் எப்படி இருப்பார்? வளைந்த பிடி வைத்த தடி ஒன்றைக் கையில் கொடுத்தோம். நிக்கோலஸ் தொலைத்தது, வேறு காரணத்துக்காக, திரும்பக் கிடைத்தது.

இரண்டாவது மாற்றம் இன்னும் பெரியது. இங்கே யாரும் பிள்ளையைத் தாத்தாவிடம் கூட்டிப்போகவில்லை. தாத்தா வீட்டுக்கு வந்தார், நடந்து. பத்திரிகையில் கீத பவனி என்று போடுவார்கள், பேச்சில் கேரல் ரவுண்ட்ஸ். டிசம்பர் இரவுகளில் சபைப் பையன்கள் டிரம்செட், கிட்டார், தம்புரின் சகிதம் வீடு வீடாகப் புறப்படுவார்கள். முன்பு பெட்ரோமாக்ஸ் விளக்கு தலையில் ஏறி வந்தது. பிறகு சைக்கிள் ரிக்ஷாவில் ட்யூப்லைட். இப்போது மினி வேனும் ஜெனரேட்டரும். முதலில் தெருமுனையில் நாய் குரைக்கும். அடுத்து டிரம்ஸ். வாசல் விளக்கைப் போட்டு, தூக்கம் கலையாத பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டார் வெளியே வருவார்கள். இரண்டு பாட்டு, ஒரு ஜெபம். இதற்குள் தாத்தா அடக்க முடியாமல் ஆட ஆரம்பித்திருப்பார்.

அந்த ஆட்டத்தை வடதுருவத்தில் யாரும் ஆட மாட்டார்கள். அது சுத்தமான குத்து. தலையணையைக் கயிற்றால் வயிற்றில் கட்டிக்கொண்டு, சட்டைக்குள் வேர்த்து ஊற்ற, தடியை மேலே தூக்கிப்போட்டுப் பிடித்து ஆடுவார். மார்கழிப் பனியில் தெருவே போர்வைக்குள் இருக்கும்போது வேர்க்கிற ஒரே ஆள் அவர். பழைய காலத்தில் தாடி இலவம்பஞ்சு. கோந்து தடவி முகத்தில் ஒட்டிக்கொண்டால் விடியும்வரை அரிக்கும். பிறகு மெல்லிய பிளாஸ்டிக் முகமூடி வந்தது: ரோஜாக் கன்னம், சிரித்த வாய், பின்னால் ரப்பர் பேண்ட். கண்ணுக்கு விட்ட ஓட்டை ஒருநாளும் கண்ணுக்கு நேராக இருக்காது. அதனால்தான் தாத்தா எல்லாரையும் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். பிள்ளைகள் அதைப் பாசம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

அவர் வாய் திறக்க மாட்டார். திறந்தால் குரலை வைத்து ஊரே ஆளைக் கண்டுபிடித்துவிடும். கை குலுக்குவார், மிட்டாயை வாரி இறைப்பார், கிழவிகளிடம் போய்த் தோளைத் தோளால் இடிப்பார். எதற்கும் மசியாத ஒரு பிள்ளை மட்டும் குனிந்து செருப்பைப் பார்த்து, "இது நம்ம கடைசி வீட்டு மாமா" என்று அறிவித்துவிடும்.

இந்த வேஷம் திருவண்ணாமலை மாவட்டத்துக்குப் புதிதா என்ன? செய்யாறு பக்கம் புரிசை தெருக்கூத்துக்குப் பேர்போன ஊர். கூத்தில் ராஜா வருவதற்கு முன்னால் கட்டியங்காரன் வருவான். கோமாளித்தனம் செய்து, கூட்டத்தைச் சிரிக்கவைத்து, தூங்குகிற பிள்ளையை எழுப்பி, பெரியவர் வரப்போகிறார் என்று சொல்லிவிட்டு ஒதுங்குவான். கேரல் ரவுண்ட்ஸில் தாத்தா செய்வது வேறென்ன? வரப்போகிறவர் தொழுவத்தில் பிறக்கிற குழந்தை. கட்டியம் சொல்ல முன்னால் ஆடி வருகிறவர் இவர். கடையில் நாற்காலி போட்டு அவரை ராஜாவாக உட்காரவைத்தது மேற்கு. கட்டியங்காரனாக்கித் தெருவில் இறக்கியது நாம். என்னைக் கேட்டால் இதுதான் அவருக்குப் பொருத்தமான வேலை. தாத்தா வேஷம் தேவகுமாரனை மறைக்கிறது என்று சில போதகர்கள் பிரசங்க மேடையில் கண்டிப்பதுண்டு. அவர்கள் ஒருமுறை விடிய விடியக் கூத்துப் பார்க்க வேண்டும்.

பயத்துக்கு வருகிறேன். நம் பிள்ளைகளுக்குத் தாடிக்காரக் கிழவரிடம் பயமில்லை. ஊர் முழுக்கத் தாடிக்காரக் கிழவர்கள்தான். பயம் அந்தத் தோள் மூட்டையில். இரவில், முகம் தெரியாமல், மூட்டையோடு வருகிறவன் யார் என்பது தமிழ்ப் பிள்ளைக்குப் பால்குடி நாளிலிருந்து தெரியும்: பிள்ளை பிடிக்கிறவன். சாப்பிடாத பிள்ளையை, தூங்காத பிள்ளையைக் கோணிக்குள் போட்டுக் கட்டிக்கொண்டு போகிறவன். அம்மாவே நூறு தடவை சொல்லி வளர்த்துவிட்டு, ஒருநாள் ராத்திரி கதவைத் திறந்து, "தாத்தாவுக்கு ஷேக் ஹேண்ட் குடு கண்ணு" என்றால் பிள்ளை என்ன நினைக்கும்?

இது நம் பிள்ளைகளின் கற்பனைக் கோளாறு மட்டும் இல்லை. நெதர்லாந்தில் சின்டர்கிளாஸோடு வரும் கறுத்த முகத்து வேலைக்காரன், கெட்ட பிள்ளைகளைச் சாக்கில் போட்டு ஸ்பெயினுக்குக் கொண்டுபோவான் என்றுதான் பயமுறுத்தினார்கள். அந்தக் கறுப்புப் பூச்சு வேஷம் பின்னால் அங்கே பெரிய சண்டைக்குக் காரணமானது. ஆல்ப்ஸ் மலை ஊர்களில் கிராம்பஸ் என்று கொம்பு வைத்த ஒருவன் சங்கிலியைக் குலுக்கிக்கொண்டு வருவான். கொடுக்கிறவரும் பிடிக்கிறவனும் ஜோடியாகத் தெருவில் வந்தவர்கள். அமெரிக்கக் கடைக்காரர்கள் பிடிக்கிறவனைக் கழற்றிவிட்டார்கள். பயந்த வீட்டார் கடைக்கு வர மாட்டார்களே. ஆனால் மூட்டை மட்டும் மிச்சமாகித் தாத்தா தோளுக்கு வந்தது. அதற்குள் முன்பு என்ன இருந்தது என்பதைக் கடைசியாக ஞாபகம் வைத்திருப்பவர்கள் நம் ஊர்ப் பிள்ளைகள்.

தாத்தா நடந்தேதான் வந்தார், பறக்கவில்லை என்பதற்கு ஜவ்வாது மலையே சாட்சி. அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் வான்பாதுகாப்பு நிலையம் 1955 முதல் அவர் வண்டி எங்கே பறக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தொலைபேசியில் சொல்லிவருகிறது. இதே மலையின் மறுபுறம், காவலூரில், 93 அங்குலத் தொலைநோக்கி 1986 முதல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அங்கிருந்து 1988இல் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து ராமானுஜன் பெயர் வைத்தார்கள். கலைமான் எதுவும் கடந்துபோனதாகத் தகவல் இல்லை.

கேரளத்தில் இந்த வேஷம் உச்சத்துக்குப் போனது: 2014 டிசம்பர் 27 அன்று திருச்சூரில் 18,112 பேர் ஒரே நேரத்தில் இந்த உடுப்பில் திரண்டு கின்னஸ் பதிவில் ஏறினார்கள். அத்தனை சட்டை எங்கே தைத்தது என்றால் கதை சீனாவுக்குப் போகும். உலகக் கடைகளுக்குப் போகிற கிறிஸ்துமஸ் சாமான்களில் பெரும்பங்கு செஜியாங் மாகாணத்து யிவூ நகரத்தில் செய்யப்படுகிறது. வருஷம் முழுக்க, வெயிலிலும், தொப்பிக்கு வெள்ளைக் குஞ்சம் தைத்தபடி இருக்கிற ஊர். அங்கிருந்து சரக்குப் பெட்டகத்தில் துறைமுகம், பாரிமுனைச் சந்துகளின் மொத்தக் கடை, வேலூர் லாங் பஜார், கடைசியில் மாறுவேடப் போட்டிக்கு உடுப்பு வாடகைக்கு விடும் ஒரு கடை. அந்தக் கடையில் அதே கொக்கியில் பக்கத்திலேயே கண்ணன் பீலி, பாரதியார் முண்டாசு, நேரு கோட்டு எல்லாம் தொங்கும். ஆயர் நிக்கோலஸ் அந்த வரிசையில் சௌகரியமாகவே இருக்கிறார்.

இங்கேதான் மூன்றாவது மாற்றம். சென்னை மால்களில் நாற்காலியும் வரிசையும் வந்துவிட்டன, அமெரிக்காவில் போலவே. சந்தவாசல், போளூர் நர்சரிப் பள்ளிகளில் அதற்கு வசதி இல்லை. அதனால் அவர்கள் பிள்ளையையே தாத்தா ஆக்கிவிட்டார்கள். முந்தின நாள் இரவு எட்டு மணிக்குத் தாய்மார் வாட்ஸப் குழுவில் தகவல் வரும், நாளை ரெட் கலர் டிரஸ் என்று. வீட்டில் கலவரம். சிவப்புச் சட்டை உள்ளவன் அதோடு போவான்; இல்லாதவனுக்குத் தாய்மாமன் பைக்கில் ஆரணிக்கோ போளூருக்கோ ஆள் போகும். மறுநாள் முப்பது தாத்தாக்கள் வரிசையாக நின்று, ஒருவர் தாடியை ஒருவர் பிடித்து இழுப்பார்கள். பரிசு கொடுக்க யாரும் மிச்சமில்லை, எல்லாருமே தாத்தா. அவர்களில் பலர் வீட்டில் மார்கழிக் கோலமும் பூசணிப் பூவும். விடிகாலையில் திருப்பாவை பாடிக்கொண்டு பஜனைக் கோஷ்டி தெருவில் போகும். முந்தின இரவு கேரல்காரர்கள் போன அதே தெரு, அதே நாய்கள்.

படவேட்டில் இறங்கும்போது பையன் தூங்கியிருந்தான். எனக்கும் அதே பக்கம் வேலை என்பதால் பின்னாலேயே நடந்தேன். இருபுறமும் வாழைத்தோப்பு. ஒரு தோப்பின் வரப்பில் காத்திருந்த பெரியவர் பிள்ளையைக் கை மாற்றி வாங்கினார்.

"இன்னாடா இது கோலம்?"

"தாத்தாவாம்பா" என்றாள் மகள். "சட்டைய நாளிக்குத் திருப்பிக் குடுக்கணும், அழுக்காக்காத. குல்லா மட்டும் சொந்தம், இருபது ரூவா."

கண் விழித்த பையன், தாடியைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தான். குல்லாவைக் கழற்றிக் கொஞ்ச நேரம் யோசித்து, பெரியவர் தலையில் வைத்தான். அது காதை மறைக்கவில்லை. பெரியவர் அதன் மேலேயே துண்டைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டார். ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் மும்முனை கரண்ட் வரும், மோட்டார் போட வேண்டும், பனி இறங்கும் என்றார். குஞ்சம் துண்டுக்கு வெளியே ஒரு பக்கம் தொங்கியது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடைப் பக்கம் நடந்தார்.